வேரூன்றிய நிரல்மொழிக்குப் பயனர் சமூகம் அமைத்தல்: ஃபோர்ட்ரானை முன்வைத்து ஒரு வழிகாட்டி

நேற்றுப் பிறந்த நிரல்மொழிக்குப் பயனர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். பல பத்தாண்டுகளாகப் புழங்கிவரும் மொழிக்கு அந்தக் கவலை இல்லை. அதன் பயனர்கள் ஆய்வகங்களிலும் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியாது என்பதே சிக்கல். ஆகவே இத்தகைய மொழிக்குச் சமூகம் அமைக்க முனைபவர், மொழியின் பெருமைகளை ஊரறியச் சொல்வதில் நேரத்தைக் கரைக்காமல், தனித்தனியே உழைத்துக்கொண்டிருப்பவர்கள் சேர்ந்து கைவைக்கத்தக்க ஒரு பொதுவேலையை ஏற்படுத்த வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அதை எப்படிச் செய்வது என்பதற்கு ஃபோர்ட்ரான் மொழியின் அண்மைக்கால அனுபவம் நல்ல சான்று.

ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு 1957இல் ஐபிஎம் 704 கணினிக்காக வெளியிட்ட ஃபோர்ட்ரான், வானிலை முன்கணிப்பு, பாய்ம இயக்கவியல், கணிப்பு வேதியியல், அணு உலைக் கணக்கீடு எனப் பல துறைகளில் இன்றும் உழைக்கிறது. நொய்டாவிலுள்ள தேசிய நடுத்தரக்கால வானிலை முன்கணிப்பு மையம் பயன்படுத்தும் யூனிஃபைடு மாடல் என்னும் வானிலைக் கணிப்பு மென்பொருளும் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டதே. இவ்வளவு இருந்தும், 2019ஆம் ஆண்டின் பிற்பகுதி வரை பயனர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு பொது இணையதளமோ, எல்லாரும் ஏற்ற பேக்கேஜ் மேலாளரோ (பிறர் எழுதிய நிரல்தொகுப்புகளைத் தருவித்து இணைக்கும் கருவி), கூட்டாகப் பராமரிக்கும் ஸ்டாண்டர்டு லைப்ரரியோ (அடிக்கடி தேவைப்படும் செயற்கூறுகளின் பொதுத் தொகுப்பு) அந்த மொழிக்கு இல்லை. லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் பணியாற்றிய ஓண்ட்ரே செர்டிக், மயாமிப் பல்கலைக்கழகத்தின் மிலன் சூர்சிச் முதலிய சிலர் அப்போது தொடங்கிய ‘ஃபோர்ட்ரான்-லேங்’ என்னும் திறந்த முயற்சி, ஓரிரு ஆண்டுகளுக்குள் இந்த மூன்றையும் தொடங்கிவைத்தது. அவர்கள் செய்தவற்றுள் எவை பிற மொழிகளுக்கும் பொருந்தும், எவை பொருந்தா என்பதைப் பிரித்துக்கொண்டு மேலே செல்வோம்.

பயனர்கள் எங்கே இருக்கிறார்கள்?

முதல் வேலை கணக்கெடுப்பு. பழைய மொழியின் பயனர்களில் பெரும்பாலோர் தம்மை அம்மொழியின் நிரலர்களாகக் கருதிக்கொள்வதில்லை. கடலோட்டத்தைக் கணக்கிடுபவர் தம்மைக் கடலியலாளர் என்றே சொல்வார். ஃபோர்ட்ரான் அவருக்கு ஒரு கருவி. அவர் தம் துறைக் கருத்தரங்குக்குப் போவாரேயன்றி மொழிக்கான கருத்தரங்கு ஒன்று நடக்கிறது என்பதை அறிந்திருக்கவும் மாட்டார். எனவே ‘இந்த மொழியைப் பயன்படுத்துவோரே, வாருங்கள்’ என்ற பொது அறிவிப்பு அவர் காதில் விழாது.

இதற்கு மாறாக, அம்மொழியில் எழுதப்பட்டு இன்றும் பராமரிக்கப்படும் முக்கிய மென்பொருள்களைப் பட்டியலிடுங்கள். ஃபோர்ட்ரானுக்கு அந்தப் பட்டியல் 1985இல் தொடங்கிய, கணித நிரல்களின் இணையத் தொகுப்பான நெட்லிப்பிலிருந்தும், பிஎல்ஏஎஸ், லாபேக் போன்ற நேரியல் இயற்கணித லைப்ரரிகளிலிருந்தும் தொடங்கும். அங்கிருந்து வானிலை மாதிரிகள், வேதியியல் பேக்கேஜுகள் என விரியும். ஒவ்வொன்றுக்கும் பராமரிப்பவர் யார், வழு அறிக்கைகள் எங்கே போகின்றன, கடைசியாக எப்போது மாற்றம் செய்யப்பட்டது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, மொழியைக் கற்பிப்பவர்கள், கம்பைலர் (நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் மென்பொருள்) எழுதுபவர்கள், தரநிர்ணயக் குழுவில் இருப்பவர்கள், யூஸ்நெட் என்னும் பழைய இணைய விவாதக் குழுக்களில் ஆண்டுக்கணக்கில் பதில் சொல்லிவந்தவர்கள் ஆகியோரைச் சேருங்கள். இந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்குத் தனித்தனியே, அவர்களது வேலையைக் குறிப்பிட்டு, ஒரு குறிப்பிட்ட கேள்வியுடன் கடிதம் எழுதுவதே அழைப்பின் சரியான வடிவம். சுற்றறிக்கைக்குப் பதில் வராது. ‘உங்கள் லைப்ரரியில் இந்தப் பகுதியைப் பொதுத் தொகுப்பில் சேர்க்க விரும்புகிறோம், உரிமம் இடம் தருமா’ என்று கேட்டால் பதில் வரும்.

இந்தக் கட்டத்தில் இரண்டு வகையினரைப் பற்றி முன்கூட்டியே சிந்திக்க வேண்டும். ஒரு வகையினர் தம் நிரலை வெளியிட இயலாதவர்கள். அணுசக்தி, பாதுகாப்பு, எண்ணெய் ஆய்வு போன்ற துறைகளில் இருப்பவர்களின் மூலநிரல் நிறுவனச் சுவரைத் தாண்டாது. நிரலைப் பொதுவில் வைத்துச் சேர்ந்து திருத்தும் தளமான கிட்ஹப்பில் பங்களிப்பதே உறுப்பினர் தகுதி என்று வைத்துவிட்டால், அனுபவம் மிகுந்த இவர்கள் வெளியே நின்றுவிடுவார்கள். புதிய வெளியீடுகளைத் தம் நிரலோடு சோதித்துப் பார்த்து ‘ஓடுகிறது’ அல்லது ‘இந்த இடத்தில் முறிகிறது’ என்று மட்டும் தெரிவிப்பதையும் முழுப் பங்களிப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

மற்றொரு வகையினர் மூத்தவர்கள். காம்ப்.லேங்.ஃபோர்ட்ரான் என்னும் யூஸ்நெட் குழு பல்லாண்டுகளாக அறிவுக் களஞ்சியமாக இருந்தது. அங்கே கேட்காத கேள்வி இல்லை. புதிய கூடுமிடம் ஒன்றைத் திறக்கும்போது, பழைய இடத்தைப் பழித்துப் பேசாமல், அங்கே பதில் சொல்லிவந்தவர்களைப் பெயர் சொல்லி அழைத்து வருவது முக்கியம். அவர்கள் இல்லாமல் தொடங்கும் இடத்தில் கேள்விகள் குவியும், பதில்கள் இருக்கா.

புதியவர் தடுக்கி விழும் இடம்

பைதான் ஓரளவு தெரிந்த மாணவர் ஒருவரைக் கணினியின் முன் அமர்த்தி, உங்கள் மொழியை நிறுவி, ஒரு கோப்பிலிருந்து எண்களைப் படித்து வரிசைப்படுத்தும் நிரலை எழுதச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் அருகில் அமர்ந்து அவர் எங்கெல்லாம் நிற்கிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். சமூகத்தின் முதலாண்டு வேலைத்திட்டம் அந்தத் தாளில் கிடைத்துவிடும். நீண்ட நாள் பயனர்களிடம் ‘மொழிக்கு என்ன தேவை’ என்று கேட்டால் இந்தத் தடைகள் தெரியவரா. அவற்றைச் சுற்றிக்கொண்டு போவது அவர்களுக்குப் பழகிப்போயிருக்கும்.

ஃபோர்ட்ரானில் இந்தச் சோதனையை 2019இல் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. தேடுபொறியில் அகப்படும் பாடங்களில் பல, எங்கோ ஒரு பல்கலைக்கழகத் தளத்தில் கிடக்கும் ஃபோர்ட்ரான் 77 குறிப்புகள். நிரலை ஏழாம் நெடுவரிசையில் தொடங்கி 72ஆம் நெடுவரிசைக்குள் முடிக்க வேண்டும், வரி நீண்டால் அடுத்த வரியின் ஆறாம் நெடுவரிசையில் ஒரு குறி இட வேண்டும் என்று அவை சொல்லும். இவை துளை அட்டைக் காலத்து விதிகள். கட்டற்ற வடிவில் எழுதும் வசதியும், மாட்யூல்கள் என்னும் தனித்தனி நிரல்பகுதிகளும், அணிகளை முழுதாகக் கையாளும் முறையும் ஃபோர்ட்ரான் 90இலேயே வந்துவிட்டன. பொருள்நோக்கு நிரலாக்கமும் சி மொழியோடு இணைந்து இயங்கும் வசதியும் ஃபோர்ட்ரான் 2003இல் சேர்ந்தன. ஆனால் அவற்றைப் புதியவருக்குச் சொல்ல ஒருவருமில்லை. அந்த மொழி எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமன்று; தரநிர்ணயக் குழுவின் வேலை தரநிர்ணய ஆவணத்தை எழுதுவது, தொடக்கநிலைப் பாடம் எழுதுவதன்று. கம்பைலர் விற்கும் நிறுவனங்கள் தத்தம் கம்பைலரின் கையேட்டை மட்டும் எழுதின. எல்லாருக்கும் பொதுவான வாசல் ஒன்றை அமைப்பது எவர் பொறுப்பிலும் இல்லாததால் அது அமைக்கப்படாமலே இருந்தது. வேரூன்றிய மொழிகள் பலவற்றிலும் இத்தகைய உரிமையாளரில்லா வெற்றிடம் ஒன்று இருக்கும். உங்கள் சமூகம் காலூன்ற வேண்டிய இடம் அதுவே.

நிறுவிய பின் அடுத்த தடை காத்திருந்தது. பல கோப்புகளில் உள்ள மாட்யூல்களை எந்த வரிசையில் தொகுக்க வேண்டும் என்பதைப் பயனரே அறிந்து மேக்ஃபைல் என்னும் தொகுப்புக் கட்டளைக் கோப்பை எழுத வேண்டும். பிறர் எழுதிய லைப்ரரி வேண்டுமென்றால் அதன் கோப்புகளை நகலெடுத்துத் தம் நிரலோடு வைத்துக்கொள்வதே வழக்கம். வரிசைப்படுத்தல், சரங்களைக் கையாளுதல் போன்றவற்றுக்கு ஒவ்வொரு குழுவும் தனக்கென்று ஒரு சிறு லைப்ரரியை வைத்திருந்தது. ஒரே வேலையை உலகெங்கும் பலர் மீண்டும் மீண்டும் செய்துகொண்டிருந்தார்கள்.

ஃபோர்ட்ரான்-லேங் குழுவினர் இந்தத் தடைகளையே வேலைப் பட்டியலாக்கினர். ஸ்டாண்டர்டு லைப்ரரிக்கான பணி 2019 டிசம்பரில் தொடங்கியது. 2020 ஏப்ரலில் பொது இணையதளம் வந்தது; இன்றைய ஃபோர்ட்ரானை மட்டுமே கற்பிக்கும் சிறு தொடக்கப் பாடமும் அதில் இடம்பெற்றது. அதே ஆண்டு மே மாதத்தில் கேள்வி பதிலுக்கும் விவாதத்துக்குமான டிஸ்கோர்ஸ் தளம் திறக்கப்பட்டது. நவம்பரில் எஃப்பிஎம் என்னும் பேக்கேஜ் மேலாளரின் முதல் ஆல்ஃபா பதிப்பு வெளிவந்தது. ரஸ்ட் மொழியின் பேக்கேஜ் மேலாளரான கார்கோவைப் பார்த்து வடிவமைக்கப்பட்ட அதில், ‘எஃப்பிஎம் நியூ’ என்ற கட்டளை புதிய திட்டத்தை உருவாக்கும்; ‘எஃப்பிஎம் ரன்’ என்ற கட்டளை அதைத் தொகுத்து இயக்கும். மாட்யூல் வரிசையைக் கருவியே கண்டுபிடித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு முடிவைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். எஃப்பிஎம்மின் தொடக்கப் பதிப்பு ஹாஸ்கெல் மொழியில் எழுதப்பட்டது. விரைவாக ஒரு முன்மாதிரியை உருவாக்க அது உதவியது. பின்னர் அந்தக் கருவி ஃபோர்ட்ரானிலேயே திருப்பி எழுதப்பட்டது. வெறும் பொறியியல் கண்ணோடு பார்த்தால், சரங்களையும் கோப்புகளையும் கையாளும் கருவியை ஃபோர்ட்ரானில் எழுதுவது வீண் வேலையாகத் தோன்றலாம். சமூகத்தின் கண்ணோடு பார்த்தால் அதைவிடச் சிறந்த முடிவு இல்லை. ஹாஸ்கெல் அறிந்த ஃபோர்ட்ரான் பயனர்கள் மிகக் குறைவு. கருவி அந்த மொழியிலேயே நின்றிருந்தால் வழு கண்ட பயனர் புகார் மட்டுமே தெரிவித்திருக்க முடியும். தமக்குத் தெரிந்த மொழியில் இருக்கும்போது அவரே திருத்தி அனுப்பலாம். உங்கள் சமூகம் உருவாக்கும் கருவியை அச்சமூகத்தவரே பழுதுபார்க்க முடியுமா என்ற கேள்வியை ஒவ்வொரு தொழில்நுட்பத் தெரிவின்போதும் கேளுங்கள்.

பொதுத் தொகுப்பின் ஆற்றலுக்கு இன்னும் பழைய சான்றுகள் உண்டு. பெர்ல் மொழிக்கு 1995இல் சிபேன் வந்தது, ஆர் மொழிக்கு 1997இல் கிரேன் வந்தது. இரண்டும் வெறும் கோப்புக் கிடங்குகள் அல்ல. ஒருவர் தம் தேவைக்காக எழுதியதை அங்கே வைக்கிறார். முன்பின் அறியாத ஒருவர் அதைப் பயன்படுத்திக் குறை சொல்லிக் கடிதம் எழுதுகிறார். அந்தக் கடிதத்திலிருந்து பழக்கம் தொடங்குகிறது. கூட்டம் கூட்டிப் பெற முடியாத அறிமுகங்களை இத்தகைய தொகுப்பு தானாகவே பெற்றுத் தரும். ஆகவே கையில் உள்ள ஆட்கள் ஒரு பெரிய வேலைக்கு மட்டுமே போதுவார்கள் என்றால், கருத்தரங்கை விடுத்துத் தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள்.

பொதுவேலையை நடத்தும் முறை

வேலை இருந்தால் மட்டும் போதாது. வெளியிலிருந்து வருபவர் எங்கே கைவைக்கலாம் என்று தெரிய வேண்டும். ஃபோர்ட்ரான் ஸ்டாண்டர்டு லைப்ரரிக்கு எழுதி வைக்கப்பட்ட ஒரு நடைமுறை உண்டு. முதலில் ஒருவர் ஒரு கருத்தை முன்வைப்பார். அது தேவைதானா என்று பேசி முடித்த பிறகு, செயற்கூறுகளின் பெயரும் அவை ஏற்கும் மதிப்புகளும் எப்படி இருக்க வேண்டும் என்று விவாதிப்பார்கள். பின்னர் விளக்க ஆவணம், அதன்பின் நிரல். நிரல் சேர்ந்தாலும் முதலில் அது ‘சோதனை நிலை’ என்ற முத்திரையோடுதான் இருக்கும். பலர் பயன்படுத்திப் பார்த்த பிறகே நிலைபெற்றதாகும். இந்த முறையின் பயன் ஒழுங்கு மட்டுமன்று. நிரல் எழுத நேரமில்லாத மூத்தவர் இரண்டாம் கட்டத்தில் கருத்துச் சொல்லலாம். ஆங்கிலத்தில் தெளிவாக எழுத வல்ல மாணவர் விளக்க ஆவணத்தை எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் கணினி மட்டுமே வைத்திருப்பவர் அங்கே ஓடுகிறதா என்று சோதிக்கலாம். ஒரே வேலை பலருக்குரிய பல சிறு வேலைகளாகப் பிரிகிறது.

முதன்முறையாகப் புல் ரிக்வெஸ்ட் (தம் திருத்தத்தைச் சேர்க்கும்படி கேட்கும் விண்ணப்பம்) அனுப்புபவருக்கு ஓரிரு நாள்களுக்குள் யாராவது ஒருவர் பதில் எழுத வேண்டும். ‘பார்த்தேன், வார இறுதியில் படித்துவிட்டுச் சொல்கிறேன்’ என்ற ஒரு வரி போதும். மாதக்கணக்கில் பதிலின்றிக் கிடந்த பங்களிப்பை அனுப்பியவர் பெரும்பாலும் இரண்டாம் முறை வருவதில்லை. மதிப்பாய்வு செய்பவர்கள், கட்டாயம் திருத்த வேண்டியது எது, விருப்பமிருந்தால் மேம்படுத்தக்கூடியது எது என்று பிரித்து எழுதும் வழக்கத்தைக் கொள்ள வேண்டும். பழைய மொழிகளில் வல்லுநர்கள் மிகுதி. வரிக்கு வரி நாற்பது குறிப்புகளை எழுதிவிடுவார்கள். அவை ஒவ்வொன்றும் சரியாகவே இருக்கும். மொத்தமாகச் சேர்ந்து புதியவரை விரட்டிவிடும்.

கதவைத் திறந்து வைப்பதன் அருமையை ஃபோர்ட்ரான் கம்பைலர்களின் வரலாறே காட்டுகிறது. கட்டற்ற மென்பொருளாக ஃபோர்ட்ரான் 95 கம்பைலர் ஒன்றை உருவாக்கும் நோக்கில் ஜி95 என்ற திட்டம் நடந்துவந்தது. அது பெரும்பாலும் ஒருவர் கையில் இருந்தது. 2003இல் அதிலிருந்து ஒரு கிளை பிரிந்து, பலர் பங்கேற்கும் முறையில் ஜிஃபோர்ட்ரான் என வளர்ந்து, 2005இல் கட்டற்ற கம்பைலர் தொகுப்பான ஜிசிசியின் 4.0 வெளியீட்டோடு சேர்ந்தது. இன்று லினக்ஸ் கணினிகளில் ஃபோர்ட்ரான் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஜிஃபோர்ட்ரான். ஜி95இன் வளர்ச்சி நின்று பல்லாண்டுகள் ஆகிவிட்டன. முதல் திட்டத்தவரின் திறமையில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை.

கூடும் இடமும் நாளும்

நகரக் குழு அமைப்பதா, இணையவழிக் கூட்டம் நடத்துவதா என்பதைப் பயனர்களின் அடர்த்தியைக் கொண்டு முடிவுசெய்யுங்கள். 1997இல் நியூயார்க்கில் பெர்ல் மாங்கர்ஸ் என்ற குழு தொடங்கி, அதே மாதிரியில் உலகின் பல நகரங்களில் குழுக்கள் எழுந்தன. இணையதளங்கள் பெருகிய அந்தக் காலத்தில் பெரிய நகரங்கள் பலவற்றிலும் போதிய பெர்ல் நிரலர்கள் இருந்தார்கள். பைதானுக்கு இன்று அந்த நிலை உண்டு: சென்னைப் பைதான் பயனர் குழுவான சென்னைபை, மாதத்தின் நான்காம் சனிக்கிழமையைத் தன் கூட்ட நாளாக வைத்திருக்கிறது. ஃபோர்ட்ரானுக்கு இது பொருந்தாது. ஒரு நகரத்தில் பத்துப் பேர் இருந்தாலும் அவர்கள் வெவ்வேறு துறையினராக, வெவ்வேறு வளாகங்களில் இருப்பார்கள். ஆகவே ஃபோர்ட்ரான்-லேங் மாதமொரு முறை யாவரும் கலந்துகொள்ளும் இணையவழிக் கூட்டத்தை நடத்தி, அதைப் பதிவுசெய்து வெளியிட்டது. மாதந்தோறும் செய்திமடல் ஒன்றையும் கொண்டுவந்தது.

எந்த வகையானாலும் நாள் மாறக்கூடாது. சென்னை லினக்ஸ் பயனர் குழு ஐ.ஐ.டி. வளாகத்தில் இரண்டாம் சனிக்கிழமை கூடும் என்பது, அறிவிப்பைப் பார்க்காதவர்களுக்கும் தெரிந்த செய்தியாக இருந்தது. எல்லாருக்கும் வசதியான நாளைக் கண்டுபிடிக்க மாதந்தோறும் வாக்கெடுப்பு நடத்தும் குழு, கூட்டத்தைவிட வாக்கெடுப்பையே அதிகம் நடத்தும். பேச்சாளர் கிடைக்காத மாதத்திலும் கூட்டத்தைக் கைவிட வேண்டாம். வந்தவர்கள் தத்தம் நிரலில் சிக்கிய ஒரு வழுவைத் திரையில் காட்டிச் சேர்ந்து தீர்த்தாலே போதும். சொல்லப்போனால் அத்தகைய கூட்டங்களில்தான் பேசாதவர்கள் பேசுகிறார்கள். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ குழு நடத்துபவர்கள் பேச்சைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். திரையிலுள்ள நிரலும் பிழைச்செய்தியும் எப்படியும் ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

பெரிய கருத்தரங்கு பின்னால் வர வேண்டியது. 2020 ஜூலையில் ஜூரிக் பல்கலைக்கழகம் நடத்திய முதல் ஃபோர்ட்ரான்கான், கொரோனாக் காலத்தில் முழுவதும் இணையவழியாகவே நடந்தது. பயணச் செலவுக்கு வழியில்லாதவர்களுக்கு அது வாய்ப்பாக அமைந்தது. ஆனால் அக்கருத்தரங்குக்கு முன்பே தளமும் விவாத இடமும் தொடங்கப்பட்டிருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்டவர்கள் மறுநாள் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது.

பேச்சின் பண்பு

வேரூன்றிய மொழியின் சமூகத்தில் இரண்டு சச்சரவுகள் தவறாமல் வரும். ‘இதையெல்லாம் நாங்கள் எழுபதுகளிலேயே செய்துவிட்டோம்’ என்று மூத்தவர் சொல்வது ஒன்று. ‘எதற்கு இந்தப் பழைய மொழி, ஜூலியாவுக்கோ ரஸ்ட்டுக்கோ மாறிவிடலாமே’ என்று இளையவர் சொல்வது மற்றொன்று. முதலாவதற்கு நல்ல மருந்து, அந்த மூத்தவரிடமே ‘எழுபதுகளில் அதை எப்படிச் செய்தீர்கள், எழுதித் தாருங்கள்’ என்று கேட்டு வாங்கி வெளியிடுவது. பெரும்பாலும் அது பயனுள்ள கட்டுரையாக அமையும். இரண்டாவதற்கு வாதம் பயன்படாது. மொழிகளின் ஒப்பீட்டுக்கென்று தனியே ஒரு பகுதியை ஒதுக்கி, உதவி கேட்டு வரும் கேள்விகளுக்குக் கீழே அந்தப் பேச்சை அனுமதிக்காமல் இருப்பதே வழி. தம் ஆய்வுக்கூடத்தின் நிரலில் பிழை கண்டு திணறுபவருக்கு மொழி மாற்றும் அதிகாரம் இல்லை. அந்த அறிவுரையால் அவருக்கு எந்த நன்மையும் விளையாது.

நடத்தை விதிகளை முதல் சண்டைக்கு முன்பே எழுதிவிடுங்கள். சண்டைக்குப் பின் எழுதப்படும் விதி, ஒருவரைக் குறிவைத்து எழுதப்பட்டதாகவே தோன்றும். புகாரை யாரிடம் தனியே தெரிவிக்கலாம் என்று குறைந்தது இரண்டு பேரின் பெயரைக் குறிப்பிடுங்கள். அவர்களுள் ஒருவர்மீதே புகார் எழலாம் என்பதால் ஒருவர் போதாது. தலைமையிலிருப்பவரின் பேச்சு முறை விதிகளைவிட வலியது. ரூபி மொழியை உருவாக்கிய மாட்ஸின் கனிவைச் சுட்டி, அவர் அப்படியிருப்பதால் நாமும் அப்படியே இருப்போம் என்ற பொருளில் ஒரு வாசகம் அம்மொழியினரிடையே வழங்குகிறது.

கதவு திறந்திருந்தும் சிலர் உள்ளே வராமல் இருப்பார்கள் என்பதையும் ஏற்க வேண்டும். பெண்களுக்கான குழுக்களாகப் பைதானுக்குப் பைலேடீஸ் 2011இல் லாஸ் ஏஞ்சலஸிலும், ஆர் மொழிக்கு ஆர்-லேடீஸ் 2012இல் சான் பிரான்சிஸ்கோவிலும் தொடங்கின. 2014இல் பெர்லினில் நடந்த ஜாங்கோ கேர்ள்ஸ் பயிலரங்கு, பிற ஊர்களில் எவரும் எடுத்து நடத்தும்படி தன் பாடத்தைத் திறந்து வைத்தது. ‘எல்லாரும் வரலாம்’ என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தவர்களால் முடியாததை, இடத்தையும் நேரத்தையும் துணைக்கு ஆள்களையும் ஏற்பாடு செய்து பெயரிட்டு அழைத்தவர்கள் செய்துகாட்டினார்கள்.

மொழியின் எதிர்காலத்தில் பயனர்களின் குரல்

தம் சொல் மொழியைத் தொடும் என்று தெரிந்தால் பயனர்கள் ஊன்றி நிற்பார்கள். ஃபோர்ட்ரானின் தரநிர்ணயம், அமெரிக்கக் குழுவான ஜே3, பன்னாட்டுக் குழுவான டபிள்யூஜி5 ஆகியவற்றின் பொறுப்பு. சாதாரணப் பயனர் ஒருவர் தம் கருத்தை அங்கே சேர்ப்பது எளிதாக இருந்ததில்லை. 2019இல் கிட்ஹப்பில் பரிந்துரைகளுக்கென்று ஒரு களஞ்சியம் திறக்கப்பட்ட பின், எவரும் தம் வேண்டுகோளை எழுதலாம், பிறர் ஆதரிக்கலாம் அல்லது மறுக்கலாம், குழு உறுப்பினர்கள் அதைப் படித்து முறையான வரைவாக்கலாம் என்றாயிற்று. இதில் மிகையான வாக்குறுதி எதையும் தரக்கூடாது. 2018ஆம் ஆண்டுத் தரத்துக்கு அடுத்தது 2023இல்தான் வந்தது. அதன் பிறகும் கம்பைலர்கள் அதை முழுமையாகச் செயல்படுத்தக் காலம் பிடிக்கும். எனவே அவசரத் தேவைகளை லைப்ரரிக்கும், மெய்யாகவே மொழிக்குள் வர வேண்டியவற்றை மட்டும் குழுவுக்கும் அனுப்பும்படி பயனர்களை வழிநடத்துங்கள்.

எதிர்காலம் குறித்த தெளிவின்மை எவ்வளவு கேடு செய்யும் என்பதற்குப் பெர்ல் சான்று. 2000ஆம் ஆண்டில் பெர்ல் 6 அறிவிக்கப்பட்டது. அது தனி மொழி என்பதை ஏற்று ராகு என்று பெயர் மாற்றப்பட்டதோ 2019இல். இடைப்பட்ட காலமெல்லாம், கையிலிருக்கும் பெர்ல் 5க்கு ஆயுள் உண்டா என்ற ஐயம் வெளியாருக்கு இருந்துகொண்டே இருந்தது. பைதான் வேறு விதமாகத் தவித்தது: மூன்றாம் பதிப்பு 2008இல் வந்தது, இரண்டாம் பதிப்பின் ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. எனினும் அங்கே முடிவு நாள் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்டு, தெளிவாகத் தெரிந்தது. பைதானை உருவாக்கிய குய்டோ வான் ரோஸம் 2018 ஜூலையில் தலைமையிலிருந்து விலகியபோதும், அடுத்த ஆண்டே ஐந்து பேர் கொண்ட வழிகாட்டுக் குழு தேர்ந்தெடுக்கப்பட்டதால் வேலை நிற்கவில்லை. பழைய நிரல் புதிய கம்பைலரில் ஓடுமா, எவ்வளவு காலத்துக்கு ஓடும் என்ற கேள்விக்கு விடையைத் தளத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். பழைய மொழியைத் தேர்ந்தெடுப்பவர்களில் பலர் அந்த ஒரு காரணத்துக்காகவே அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கணக்கும் கைமாற்றமும்

வளர்ச்சியை அளக்க எளிதாகக் கிடைக்கும் எண்களை நம்ப வேண்டாம். 2021 ஏப்ரலில் நிரல்மொழிகளை வரிசைப்படுத்தும் டயோபி குறியீட்டில் ஃபோர்ட்ரான் முதல் இருபது இடங்களுக்குள் திரும்ப வந்தபோது பலர் மகிழ்ந்தார்கள், எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் குறியீடு தேடுபொறி முடிவுகளின் எண்ணிக்கையைக் கொண்டு கணிக்கப்படுவது. சமூகம் எப்படியிருக்கிறது என்பதை அது சொல்லாது. அதற்குப் பதில், கேள்விகளுக்கு விடையளிப்பவர்கள் ஒரு மாதத்தில் எத்தனை வெவ்வேறு பேர், முதன்முறை பங்களித்தவர்களில் எத்தனை பேர் ஆறு மாதத்துக்குள் மீண்டும் வந்தார்கள், முதல் பதில் கிடைக்க எவ்வளவு நேரமாகிறது என்ற மூன்றையும் கவனியுங்கள். கேள்விகள் பெருகி விடையளிப்பவர்கள் அதே நான்கு பேராக இருந்தால், அந்த நால்வரும் களைத்துப்போகும் நாள் தொலைவில் இல்லை.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொடக்கத்தில் டொமைன் கட்டணத்துக்கு மேல் பெரிதாகத் தேவைப்படாது. கூகுள் சம்மர் ஆஃப் கோட் போன்ற திட்டங்கள் மாணவர்களுக்கு ஊக்கத்தொகையோடு வேலை தருகின்றன. ஃபோர்ட்ரான்-லேங் 2021இல் அதில் சேர்ந்தது. அத்திட்டத்தில் ஒரு மாணவர் வந்தால், அவருக்கு வழிகாட்டுபவரும் வாரத்தில் சில மணி நேரத்தை ஒதுக்க வேண்டியிருக்கும் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். மாணவரின் வேலை, திட்டம் முடிந்தபின் வேறொருவர் எடுத்து நடத்தத்தக்கதாகச் சிறியதாக இருக்கட்டும்.

டொமைன் பதிவு, தள நிர்வாகம், கிட்ஹப் அமைப்பின் உரிமை, கூட்ட அழைப்பை அனுப்பும் கணக்கு ஆகிய ஒவ்வொன்றும், வெவ்வேறு நிறுவனங்களில் பணியாற்றும் மூன்று பேரிடமாவது இருக்க வேண்டும். மூவரும் ஒரே நிறுவனத்தவராக இருந்தால், அந்நிறுவனத்தின் ஒரு கொள்கை மாற்றம் எல்லாவற்றையும் ஒரே நாளில் பூட்டிவிடக்கூடும். தொடங்கிய ஆறு மாதத்துக்குள் ஒரு மாதக் கூட்டத்தை நிறுவனர் எவரும் இல்லாமல் வேறொருவரை நடத்தச் செய்யுங்கள். எந்தக் கடவுச்சொல் கிடைக்கவில்லை, எந்த நடைமுறை எழுதி வைக்கப்படவில்லை என்பது அன்றே தெரிந்துவிடும். விடுபட்டவற்றை அந்த வாரத்துக்குள் எழுதிச் சேர்த்து, அடுத்த அரையாண்டில் இதே சோதனையைச் செய்திமடலுக்கும் ஒரு புதிய வெளியீட்டுக்கும் செய்து பாருங்கள்.